வக்கீல் மங்களாம்பிகை மென்ற வெற்றிலை

தஞ்சாவூர் மேலவீதியில் அமிர்தலிங்கம் ஆபீஸ் என்றால் எந்த ரிக்‌ஷாக்காரரும் கதவு நம்பர் கேட்கமாட்டார். அந்த நாளில் ஜில்லாவிலேயே பெரிய வக்கீல் ஆபீஸ் அது. வக்கீல்கள் மட்டும் ஒரு பந்திக்குத் தேறுவார்கள். குமாஸ்தாக்களையும் சேர்த்தால் இரண்டாவது பந்தி போடவேண்டும். மிராசுதார், ரைஸ் மில்காரர், பஸ் முதலாளி, வேதாரண்யத்து உப்பளக்காரர் என்று ஆள் வைத்து வேலை வாங்குகிற யாருக்கும் அங்கே நாற்காலி உண்டு. வேலை செய்கிறவர்களுக்கு வாசற்படிகூடக் கிடையாது. அந்தக் கட்டிடத்துப் பல்லி முதலாளி பேசும்போதுதான் உச்சுக்கொட்டும். தொழிலாளியின் நோட்டீஸைப் படித்தால் வாயை மூடிக்கொண்டு டியூப் லைட்டுக்குப் பின்னால் போய்விடும்.

பெரியவர் அமிர்தலிங்கத்தின் பெருமையெல்லாம் அவருடைய இருமலில் இருந்தது. கோர்ட்டில் அவர் ஒரு தடவை இருமினால் வாய்தா. இன்னொரு தடவை இருமினால் பிராது தள்ளுபடி. அதற்கு மேலும் இருமினால் சட்டசபை கலைந்துவிடும் என்று பயந்து, மற்றதைத் தொண்டையிலேயே வைத்திருந்தார். ஆட்சி மாறியபோது அவரும் மாறத்தான் செய்தார். கட்சிக்காரர்களுக்கு நமஸ்காரம் சொன்னவர் வணக்கம் சொன்னார். ஜரிகை அங்கவஸ்திரம் பீரோவுக்குள் போய், தோளுக்குக் கறுப்பு சிவப்புக் கரைத் துண்டு வந்தது. வாதம் மட்டும் பழையதுதான்.

அந்த ஆபீஸ் பலகையில் கடைசிப் பெயர் மங்களாம்பிகை. பலகை எழுதியவன் மற்றவர்களுக்கெல்லாம் தாராளமாக எழுதிக்கொண்டு வந்து, இவளிடம் வரும்போது மரம் தீர்ந்துபோக, கடுகு கடுகாக எழுதி முடித்துவிட்டான். “இந்த ஆபீஸ்ல என் இடம் எவ்வளவுன்னு அவன்தான் சரியா அளந்திருக்கான்” என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். ஜில்லாவில் பெண் வக்கீலைப் பார்க்காதவர்கள் அவளைப் பார்ப்பதற்கென்றே பொய்யாக ஒரு வழக்கைத் தூக்கிக்கொண்டு வந்தது உண்டு. வந்து பார்த்துவிட்டு, “ஓகோ, இவ்வளவுதானா” என்று போய்விடுவார்கள்.

அவளுக்குக் கொடுத்திருந்த வேலை பதில் நோட்டீஸ் எழுதுவது. தொழிலாளி எதைக் கேட்டாலும் கிடையாது என்று சொல்லவேண்டும். ஆனால் அதைப் படிக்கிறவனுக்குத் தன்மேலேயே சந்தேகம் வரும்படி சொல்லவேண்டும். இதில் அவள் கெட்டிக்காரி. அவளுடைய பதிலைப் படித்த ஒரு பஸ் கண்டக்டர், தான் கண்டக்டர்தானா என்று சந்தேகப்பட்டு டிக்கெட் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாராம். ஆனால் சொந்தமாக ஒரு வழக்கு அவள் கைக்கு வந்ததில்லை. வயது முப்பதைத் தொட்டுவிட்டது. கல்யாணம் தட்டிப்போய்க்கொண்டே இருந்தது. இந்த வேலையும் போனால் சுவாமிமலையில் அண்ணன் வீட்டு அடுக்களைதான். அண்ணி கரண்டியை இப்போதே தேய்த்து வைத்திருப்பதாகச் சேதி.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அவளுக்கு வெற்றிலை போடும் பழக்கம் இருந்தது. இருந்தது என்பதெல்லாம் மரியாதைக்கு. அந்தப் பழக்கத்துக்கு ஒரு மங்களாம்பிகை இருந்தாள் என்பதே சரி. கும்பகோணம் கொழுந்து, நெய்ச்சீவல், வாசனைச் சுண்ணாம்பு. வக்கீல் பரீட்சை எழுதும்போது கன்னத்தில் ஒதுக்கியிருந்த வெற்றிலைதான் பாதி விடையைச் சொன்னது என்பாள்.

புரட்டாசி மாதம். கோரைக்குடி மிராசுதார் வைரக்கண்ணு ஆபீஸுக்கு வந்து உட்கார்ந்தார். கூலித் தகராறில் குடிசைகள் எரிந்த சேதி ஆறாத காலம் அது. கீழத்தஞ்சையில் செங்கொடி ஏறாத சேரி கிடையாது. போலீஸ் லாரி நிற்காத ஊர் கிடையாது. கோரைக்குடியில் நடவுப் பெண்கள் சேற்றில் இறங்கமாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். வெளியூர் ஆளைக் கொண்டுவந்து இறக்கக்கூடாது. கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கக் கரையேற விடவேண்டும். மத்தியானம் நிழலில் உட்கார்ந்து சாப்பிட நேரம் விடவேண்டும். இவ்வளவுதான் கேட்டார்கள்.

“நாத்து முத்திக்கிட்டே போவுது. இன்னும் நாலு நாள் விட்டா கணு வச்சிடும். அப்புறம் மாட்டுக்குத்தான் போடணும்” என்றார் வைரக்கண்ணு. “ஆனா ஒண்ணுக்கும் எறங்கி வரமாட்டேன். அதுக்குத்தானே உங்க ஆபீஸு?”

எதிரில் பேச வருவது முழுக்கப் பெண்கள் என்பதால் அமிர்தலிங்கம் பலகையின் கடைசி வரி வரைக்கும் யோசித்தார்.

“ஏம்மா மங்களம், நீ போ. அவங்க கேட்கறதுல ஒண்ணையும் ஒத்துக்காம, அவங்களை வயல்ல இறக்கிட்டு வா. ஜெயிச்சா இனிமே கோர்ட்டுல நீயே நின்னு பேசலாம். கெடுத்தா, இந்த ஆபீஸ்ல உனக்கு வேலை இல்லை.”

“சரிங்க சார்.”

“அந்த வெத்திலைப் பெட்டியை இங்கே வெச்சுட்டுப் போ. பேச்சு நடுவுல துப்பறதுக்கு எழுந்து எழுந்து போனா மரியாதையா இருக்காது.”

பெட்டியை டைப்பிஸ்ட் கமருன்னிஸாவிடம் கொடுத்தாள். பெற்ற பிள்ளையை ஹாஸ்டலில் விடுகிற மாதிரி இருந்தது.

“சாயங்காலம் வரைக்கும் தாங்குவீங்களாக்கா?” என்று கேட்டாள் கமருன்னிஸா.

“பி.எல். படிச்சவளுக்கு இது ஒரு பெரிய விஷயமா?”

கோரைக்குடிக்கு மிராசுதாருடைய காரிலேயே போனார்கள். திருவாரூர் தாண்டும்போதே மங்களாம்பிகையின் நாக்கு உலர்ந்துவிட்டது. பேச்சு வைத்திருந்த இடம் பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்து வராந்தா. வைரக்கண்ணு காரைவிட்டு இறங்கவில்லை. அவர்களோடு சமமாக உட்காரமாட்டாராம். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஊருக்கே கேட்கும்படி, “அந்தம்மா பேசுறதுதான் என் பேச்சு! அவங்க சரின்னா சரி, இல்லேன்னா இல்ல!” என்று கத்திவிட்டு, துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டார்.

வராந்தாவில் நடவுப் பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் செவ்வந்தி. நடவுக்கு ஆள் சேர்ப்பதும் பாட்டு எடுத்துக் கொடுப்பதும் அவள்தான். பக்கத்தில் சங்கச் செயலாளர் இராஜாங்கம், பேசுவதற்குத் தயாராகத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு.

செவ்வந்தி மூன்று கோரிக்கையையும் சொன்னாள். சொல்லி முடித்து, ஒரு தட்டை எடுத்து நடுவில் வைத்தாள். அதில் வெற்றிலையும் சீவலும் சுண்ணாம்பும் இருந்தன.

அந்தப் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். கல்யாணமானாலும் குத்தகையானாலும் பேச்சை வைக்கிறவர் தட்டை வைப்பார். எதிர்த்தரப்பு அதிலிருந்து வெற்றிலையை எடுத்துப் போட்டுக்கொண்டால் சொன்னதுக்கெல்லாம் சம்மதம் என்று அர்த்தம். எடுக்கிற வரைக்கும் பேசலாம். எடுத்துவிட்டால் மறுபேச்சு இல்லை. இதுவரைக்கும் தட்டு மிராசுதார் வீட்டுத் தட்டாகத்தான் இருக்கும். எடுக்கிறவர்கள் சேரிக்காரர்களாக இருப்பார்கள். அன்றைக்குத்தான் தட்டு எதிர்த் திசையிலிருந்து வந்தது. எந்த மிராசுதார் தரப்பும் சேரித் தட்டில் கை வைக்காது என்பது செவ்வந்திக்கும் தெரியும். வைத்துத்தான் பார்ப்போமே என்று வைத்தாள்.

மங்களாம்பிகை பேச ஆரம்பித்தாள். நன்றாகத்தான் பேசினாள். நியாயக் கூலிச் சட்டத்தைக் கரைத்துக் குடித்திருந்தாள். ஆள் அமர்த்துவது நில உடைமையாளரின் உரிமை என்றாள். நிழல் என்பதற்குச் சட்டத்தில் விளக்கம் இல்லை என்றாள். குழந்தைக்குப் பசி எப்போது எடுக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத நிலையில் எப்படி நேரம் ஒதுக்குவது என்று கேட்டபோது, ஒரு கைக்குழந்தையே அழுகையை நிறுத்திவிட்டு யோசித்தது.

ஆனால் பேசப் பேசக் கண் தட்டுக்குப் போயிற்று. இளம் பச்சைக் கொழுந்து. காலையில் கிள்ளியதாக இருக்கவேண்டும். ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இருந்தது. ‘வெளியாள்’ என்று அவள் வாய் சொல்லும்போது கை போய் ஒரு வெற்றிலையை எடுத்தது. ‘உரிமை’ என்று சொல்லும்போது காம்பைக் கிள்ளியது. புடவையில் ஒரு துடைப்பு. இலையின் முதுகு நரம்பை நகத்தால் உரித்தாள். சுண்ணாம்பைத் தடவினாள். இதில் எதுவும் அவளுக்குத் தெரியாது. பதினைந்து வருஷமாக அந்தக் கை அவளைக் கேட்டு எதையும் செய்ததில்லை.

“ஆகையினால இந்த விஷயத்துல எங்க தரப்பு ஒரு அங்குலம்கூட…” என்று சொல்லி, வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். கண்கள் தாமாக மூடின. சொர்க்கம்.

கண்ணைத் திறந்தபோது இராஜாங்கம் கனைப்பதை நிறுத்தியிருந்தார். எல்லாப் பெண்களும் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்கு உறைத்த அதே நொடியில் செவ்வந்தி குலவையிட்டாள். அடுத்தவள் எடுத்தாள். வராந்தா முழுக்கக் குலவை. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரில் யாருக்கோ பிள்ளை பிறந்துவிட்டது என்று சர்க்கரை வாங்கப் போனார்களாம்.

“இருங்க, இருங்க…” என்றாள் மங்களாம்பிகை. வாய் நிறைய வெற்றிலையோடு சொன்னால் அது ஆசீர்வாதம் மாதிரிதான் கேட்டது. துப்பலாம் என்றால் அது அதைவிட அவமரியாதை. விழுங்கவும் முடியவில்லை. பெண்கள் சேலையைச் செருகிக்கொண்டு நாற்றங்காலுக்குப் போய்விட்டார்கள்.

வைரக்கண்ணு விழித்தபோது வயலில் பாட்டு கேட்டது. “எறக்கிப்புட்டீங்களே வக்கீலம்மா! பெரிய ஆபீஸுன்னா சும்மாவா!” என்று கைகூப்பினார். அப்புறம்தான் அவளுடைய சிவந்த உதட்டைப் பார்த்தார்.

“எங்கே போட்டீங்க?”

அவள் தட்டைக் காட்டினாள்.

“யார் தட்டு?”

அவள் அதைச் சொல்வதற்குள், ஒரு பெண் கரையேறிப் புளியமரத்து நிழலில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுக்க ஆரம்பித்தாள். வைரக்கண்ணுவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பாதி நாற்றைப் பறித்தாயிற்று. பறித்த நாற்றைத் திரும்ப நாற்றங்காலிலேயே ஊன்ற முடியாது. அவர் மங்களாம்பிகையைக் காரில் ஏற்றவில்லை. அவள் பஸ்ஸில் வந்தாள். கண்டக்டர் மரியாதையாக ஜன்னலோரம் உட்காரச் சொன்னார், துப்புவதற்கு வசதியாக.

அமிர்தலிங்கம் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. புத்தகத்தைப் புரட்டி, “தவறுதலா கொடுத்த சம்மதம் சம்மதமே இல்லை. நீ தெரியாம, பழக்கதோஷத்துல எடுத்தேன்னு சமரச அதிகாரிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு. ஒப்பந்தம் செல்லாது. ஆபீஸ் பேரு தப்பிக்கும், நீயும் தப்பிச்சே” என்றார்.

அது முழுக்க உண்மை. சொல்வதில் ஒரு கஷ்டமும் இல்லை. கமருன்னிஸா வாக்குமூலத்தை டைப் அடித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் மெஷின்மேல் கவிழ்ந்து படுத்துவிட்டாள்.

“அக்கா, ‘மேற்படி வெற்றிலையை மேற்படி தட்டிலிருந்து மேற்படி கையால் எடுத்து, ருசியின் காரணமாக மென்றுவிட்டேன்.’ இதை நான் அஞ்சு காப்பி எடுக்கணுமாக்கா?”

“எடு. என் மானம் போறதுக்கு ஒரு காப்பி போதாது.”

“கோர்ட்டுல நிக்கறதுக்கு இதைச் சொல்லித்தான் ஆகணும், இல்லையா?”

“கோர்ட்டுல நிக்கறதுக்கு இல்லடி. அண்ணி கரண்டிகிட்ட நிக்காம இருக்கறதுக்கு.”

விசாரணை திருவாரூர் தாலுகா ஆபீஸில். ஒரு பக்கம் வைரக்கண்ணு, அமிர்தலிங்கம். மறு பக்கம் இராஜாங்கம், செவ்வந்தி, கையில் சேறு காயாத இரண்டு மூன்று பெண்கள். செல்லாது என்று தீர்ந்தால் அடுத்த நாளே வெளியாட்கள் லாரியில் வந்து இறங்குவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அதிகாரி நல்ல மனுஷர். ஆனால் குரல் வளமுள்ளவர். வாக்குமூலத்தை உரக்கப் படித்தார். ‘ருசியின் காரணமாக’ என்ற இடத்தில் நிறுத்தி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தரம் படித்தார். வாசலில் நின்ற பியூன் உள்ளே வந்தான். பக்கத்து அறைக் குமாஸ்தாக்கள் வேலையே இல்லாமல் கோப்புகளோடு வந்து நின்றார்கள்.

“ஏம்மா, நீங்க பி.எல். படிச்சவங்கதானே?”

“ஆமாங்க.”

“எதிர்த்தரப்பு தட்டு வெச்சா என்ன அர்த்தம்னு தெரியாதா?”

“தெரியும்ங்க.”

“தெரிஞ்சும், தட்டுல இருக்கேன்னு எடுத்து வாயில போட்டுட்டீங்க. அப்படித்தானே?” மேஜையைப் பார்த்தார். அங்கே கோந்துப் புட்டியும் குண்டூசி டப்பாவும் இருந்தன. பியூனைக் கூப்பிட்டு, “அந்தக் குண்டூசியைக் கொஞ்சம் தள்ளி வைப்பா” என்றார்.

தாலுகா ஆபீஸ் கூரை எழும்பி உட்கார்ந்தது. அமிர்தலிங்கம்கூடச் சிரித்தார், துண்டால் வாயை மூடிக்கொண்டு இருமல் மாதிரி செய்துகொண்டார். மங்களாம்பிகைக்குக் காது எரிந்தது. நடவுப் பெண்களின் பக்கம் அவள் திரும்பவேயில்லை. நியாயத்தை யோசித்தாளா, பால் குடிக்கிற குழந்தைகளை யோசித்தாளா என்றால், இல்லை. பின்னாளில் அவளுக்கு மாலை போட்டவர்கள் எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள். அவள் மறுத்ததும் இல்லை. அந்த நிமிஷம் அவள் யோசித்தது இதைத்தான்: நாளைக்கு இந்தப் பியூன் டீக்கடையில் போய், தீனிக்கு அலைகிற வக்கீல் ஒருத்தி வந்தாள் என்று சொல்வான். எதை வேண்டுமானாலும் தாங்கலாம். அதைத் தாங்க முடியாது.

நெஞ்சை நிமிர்த்தினாள். “வாக்குமூலம் தப்புங்க. நான் தெரிஞ்சேதான் எடுத்தேன். மூணு கோரிக்கையும் நியாயம்னு பட்டுது. என் கட்சிக்காரர் சார்பா சம்மதிச்சுத்தான் எடுத்தேன்.”

வாழ்க்கையிலேயே அவள் சொன்ன மிக அழகான பொய் அது. இராஜாங்கம் கைதட்டினார். அதிகாரி சிரிப்பை முழுங்கிவிட்டு, ஒப்பந்தம் செல்லும் என்று எழுதினார். வைரக்கண்ணு எழுந்தார், எதைத் தள்ளலாம் என்று பார்த்தார், கிடைத்தது கோந்துப் புட்டிதான். அதைத் தள்ளிவிட்டுப் போனார்.

வெளியே வேப்பமரத்தடியில் அமிர்தலிங்கம் நின்றார்.

“ஏம்மா மங்களம், நான் உன்னை உண்மையைத்தானே சொல்லச் சொன்னேன்?”

“ஆமாங்க சார்.”

“முப்பது வருஷமா ஆபீஸ் நடத்தறேன். ஒருத்தரை உண்மை சொல்லச் சொன்னது இதுதான் முதல் தடவை. அதுகூட உன்னால முடியலையே.”

கார் போய்விட்டது. அவளை ஏற வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை; கதவைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். வேலையை விட்டு நீக்கினால் முன்னறிவிப்பு வேண்டுமே என்று அவளுக்குத் தோன்றியது. சட்டத்தை மனதுக்குள் புரட்டினாள். வக்கீல் ஆபீஸில் இருக்கிறவர்கள் தொழிலாளிகளே அல்லர், ஆகவே அவர்களுக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது என்று ஒரு குமாஸ்தாவுக்கு எதிராகப் போன வருஷம் வாதம் எழுதி ஜெயித்துக் கொடுத்தது யார்? சாட்சாத் இவள்தான். ஓட்டை ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. பிரமாதமாக எழுதியிருந்தாள்.

பஸ் ஸ்டாண்டில் செவ்வந்தி வந்து பக்கத்தில் நின்றாள். மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து நீட்டினாள். மங்களாம்பிகை கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“இதுக்கு ஒரு அர்த்தமும் இல்லீங்க வக்கீலம்மா. சும்மா போடுங்க. அன்னிக்கும் நீங்க சும்மாதானே போட்டீங்க?”

“என்னது?”

“பின்னே? சம்மதம் சொல்றவங்க யாராவது கண்ணை மூடிக்கிட்டு அப்படி ரசிப்பாங்களா? எங்க ஆத்தாவும் இப்படித்தான், எழவு வீட்டுல உக்காந்து போட்டுக்கிட்டே இருக்கும்.”

“தெரிஞ்சுக்கிட்டேதான் குலவை போட்டீங்களா?”

“நீங்க துப்புற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கச் சொல்றீங்களா?” என்றாள் செவ்வந்தி. “ஆனா இன்னிக்கு உள்ள சொன்னீங்களே, அதை நான் நெனைக்கல” என்றாள்.

மங்களாம்பிகை சுவாமிமலைக்குப் போகவில்லை. அண்ணியின் கரண்டி காத்திருந்து கறுத்தது. திருவாரூர் தெற்கு வீதியில் சைக்கிள் கடை மாடியில் ஒரு அறை பிடித்தாள். சங்கத்து வழக்கு ஒன்று வந்தது: ரைஸ் மில்லிலிருந்து நீக்கப்பட்ட ஆட்கள். எதிர்த்தரப்பு அமிர்தலிங்கம் ஆபீஸ். அவளுடைய நாற்காலிக்கு வந்திருந்த புது ஜூனியர் எழுந்து, பழைய கட்டிலிருந்து ஒரு வாதத்தை எடுத்து வாசித்தார். முதல் வரியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கமாவில்கூட அவள் கை இருந்தது. கேட்கக் கேட்கத் தலை தானாக ஆடிற்று.

“என்னம்மா, எதிரி பேசறதுக்குத் தலையாட்டறீங்க?” என்று பின்னாலிருந்து இராஜாங்கம் கிசுகிசுத்தார்.

“ரொம்ப நல்லா எழுதியிருக்குங்க” என்றாள்.

பதில் சொல்ல எழுந்தவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவ்வளவு கெட்டியாகக் கட்டியிருந்தாள். வழக்கு தோற்றது. மில் ஆட்கள் வெயிலில் வரிசையாக நடந்து போனார்கள். அவளுடைய பதில் நோட்டீஸ்களைப் படித்தவர்கள் எப்படி நடந்து போவார்கள் என்று அன்றைக்குத்தான் முதல் முதலாகப் பார்த்தாள். அதற்கு மட்டும் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலையில் மாடிப்படியில் சத்தம் கேட்டது. செவ்வந்தி, பின்னால் உப்பளத்திலிருந்து வந்த நாலைந்து பெண்கள்.

“நேத்துக் கேஸ் என்னாச்சுன்னு தெரியுமில்ல?” என்று கேட்டாள் மங்களாம்பிகை.

“தெரியும்ங்க. ஊரு பூரா தெரியும்.”

“அப்புறம் ஏன் என்கிட்ட வர்றீங்க?”

“வேற வக்கீல் யாரும் வரமாட்டேங்குறாங்களே.”

அறையில் இருந்தது ஒரே நாற்காலி. மாடி ஏறி வந்த மூச்சிரைப்போடு செவ்வந்தி அதில் உட்கார்ந்துகொண்டாள். மங்களாம்பிகை ஜன்னலில் சாய்ந்து நின்றபடி பேனா மூடியைத் திருகினாள்.

“சொல்லுங்க” என்றாள்.